திருத்தாமல் விட்ட வாக்கியம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று இரண்டாவது வகுப்பு. புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எங்கள் குப்பத்தில் சிக்னல் ஒழுங்காக நிற்கும் இடம் அது ஒன்றுதான். நைனா விடிவதற்கு முன்பே ஏரிக்குப் போய்விட்டார். அம்மா ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டே, "டியூஷனா? வாய்க்குள்ளயே முணுமுணுக்காத. சத்தமா பேசு, அப்பத்தான் இங்கிலீஷ் வரும்" என்றாள்.

அம்மாவைப் பொறுத்தவரை அது இங்கிலீஷ் டியூஷன். ஸ்பானிஷ் என்று தெரிந்தால் எதற்கு என்பாள். எதற்கு என்றால் யார் சேர்த்துவிட்டது என்பாள். யார் என்ற இடத்துக்கு அவளை வரவிடக்கூடாது.

மர்சேலா டீச்சர் மெக்சிகோவில் கடலோர ஊர் ஒன்றில் இருக்கிறார். எங்களுக்குக் காலை ஆறு மணி என்றால் அவருக்கு முந்தின நாள் சாயங்காலம். வயது அம்மாவுடையது இருக்கும். திரையில் அவரும் நானும் மட்டும்தான். அவர் இங்கிலீஷும் நொண்டி, என் இங்கிலீஷும் நொண்டி, அதனால் பயம் கொஞ்சம் குறைவு. புத்தகம் கிடையாதாம். நான் என்ன சொல்கிறேனோ அதை வைத்து எனக்கென்றே அடுத்த பாடத்தை எழுதுவாராம். பள்ளியில் பிளஸ் ஒன்னில் அறுபது பேருக்கு ஒரு பாடம். இங்கே ஒருத்திக்கு ஒன்று.

இன்று குடும்பம். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லாவற்றுக்கும் வார்த்தை சொல்லிக்கொடுத்தார். அக்காவுக்கு எர்மானா. திரையில் பெரிதாக எழுதியிருந்தது. உனக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

சோய் இஹா ஊனிகா என்றேன். நான் ஒரே பெண்.

டீச்சர் சிரித்து, பாராட்டி, திரையில் ஒரு வீடு வரைந்தார். உள்ளே குச்சி மாதிரி மூன்று பேர். நைனா, அம்மா, நான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த ஊரில் ஒருத்தருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. அந்த ஊரில் ஒருத்தருக்கும் நைனாவைத் தெரியாது. அங்கே இன்னா பயம் எனக்கு? இந்த வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டதே என் கூடப் பிறந்த வைஷ்ணவி அக்காதானே.


ஆகஸ்ட் 14, வியாழன்

வகுப்பில் திருத்திச் சொல்ல நினைத்தேன். டீச்சர் வீட்டு நாய் குரைத்தது, அவர் எழுந்து போனார், திரும்பி வந்து வேறு பாடம் ஆரம்பித்துவிட்டார். நாயின் மேல் பழி போடுகிறேன்.


ஆகஸ்ட் 21, வியாழன்

பொய் ஒன்றோடு நிற்கவில்லை. எனக்காகவே எழுதும் பாடம் என்பதால் நான் சொன்ன பொய்யை வைத்தே கேள்விகள் வருகின்றன. ஒரே பெண்ணுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்? அம்மா என்றேன். அம்மா விடியற்காலையில் மீனோடு பொன்னேரிக்குப் போகிறவள், என் தலையை அவள் தொட்டே வருஷக்கணக்காகிறது. பின்னிவிட்டது அக்கா. உனக்கு நீச்சல் யார் சொல்லிக்கொடுத்தது? நைனா என்றேன். அதுவும் அக்காதான். முகத்துவாரத்துப் பக்கம் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கால ஒதறுடி, மண்ண தேடாத, மண்ணு எங்கயும் ஓடிடாது" என்று திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒவ்வொரு கேள்வியிலும் அக்காவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஆளை வைக்கிறேன். டீச்சர் அதைச் சரியாக எழுதக் கற்றுக்கொடுக்கிறார்.

படி இறங்கும்போது சுரேஷ் அண்ணன் மண்ணெண்ணெய் கேனோடு போய்க்கொண்டிருந்தார். எங்களுக்கு அடுத்த வீடு. "இன்னா பானு, இங்கிலீஷ்காரன் எப்ப நாக்க இப்படி உருட்டுனான்?" என்றார். "இது லண்டன் இங்கிலீஷ் அண்ணா" என்றேன். நம்பிவிட்டார். இல்லை, நம்பின மாதிரி சிரித்தார்.


செப்டம்பர் 4, வியாழன்

நைனா என்ன வேலை செய்கிறார் என்று இன்றைய பாடம். மீன்காரர் என்று சொல்லி முடித்திருக்கலாம். டீச்சர் விடவில்லை. அவர் ஊரிலும் எங்கள் ஏரி மாதிரி உப்பங்கழி இருக்கிறதாம், அங்கேயும் இறால்தானாம். எப்படிப் பிடிப்பீர்கள், யார் எங்கே பிடிப்பது என்று யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டார்.

பாடு என்ற வார்த்தைக்கு அவரிடம் வார்த்தை இல்லை. விளக்கிச் சொன்னேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் ஊருக்குப் பொது. யார் என்றைக்கு அங்கே வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு முறை ஊர் கூடிச் சீட்டுப் போடும். சீட்டில் வந்த வரிசைப்படி வீடு வீடாக முறை வரும். அந்த முறைதான் பாடு. பாடு இல்லாத வீட்டுக்காரன் ஏரியில் படகு வைத்திருந்தும் பிரயோஜனம் இல்லை. அரைகுறை வாக்கியங்களில் சொன்னேன், கையை வேறு ஆட்டினேன். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஊர் சொன்னதை மீறினால் என்ன ஆகும் என்று கேட்டார்.

முறை போய்விடும் என்றேன். மேலே சொல்லவில்லை.

அக்கா ஹரிஷ் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு வந்த முதல் சீட்டு, போன தை மாதம். ஹரிஷ் மாமாவின் ஆட்கள் எதிர்க்கரையில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அவர்களோடு எங்கள் ஊர் பெண் கொடுத்து எடுப்பதில்லை, மீறிப் போனவர்களோடு வீட்டார் உறவு வைக்கவும் கூடாது. சீட்டுப் போடுவதற்கு முன்னால் தலைவர் ஜெகதீஸ்வரன் மாமா எல்லோர் எதிரிலும் நைனாவைக் கேட்டார். "தாமோதரா, அந்தப் பொண்ணோட உனக்கு வரத்துப் போக்கு இருக்குதா?" நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "எனக்கு ஒரே பொண்ணு. பானு மட்டும்தான்" என்றார்.

பெண்கள் நிற்கும் பக்கம் நானும் நின்றிருந்தேன். சீட்டில் எங்களுக்கு நல்ல இடம் வந்தது. அன்று ராத்திரி நைனா சாப்பிடவில்லை.

நைனாவைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்டார்கள், சொன்னார். என்னை யார் நிறுத்தினார்கள்?


செப்டம்பர் 14, ஞாயிறு

அக்கா ஃபோன் செய்தாள். அவள் எண்ணை 'டியூஷன் மிஸ்' என்று போட்டு வைத்திருக்கிறேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் "எஸ் மிஸ், எஸ் மிஸ்" என்று பேசிக்கொண்டே படிக்கட்டு வரைக்கும் ஓடினேன்.

"இன்னா மிஸ்ஸுக்கு மூச்சு வாங்குது?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள், அவளுக்கு ஐந்து மாதமாம். அனுப்பம்பட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் ஆபீசுக்குப் போய்வரச் சிரமம் இல்லையாம். வெளிநாட்டு ஓட்டல்களுக்கு வரும் ஃபோன்களை எடுக்கிற ஆபீஸ். அதில் ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்குத் தனி வரிசையாம். என்னையும் ஒரு நாள் அங்கே உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. ஹரிஷ் மாமாவுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஒரு நாள் இருந்தால் ஒரு நாள் இல்லை.

எனக்குச் சந்தோஷம் வந்தது. அது முழுசாக வருவதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"நல்லா பேசுறடி. அந்த ர் மட்டும்தான் உனக்கு வரல."

"நீ எப்பக்கா கேட்ட?"

"கிளாஸ் எல்லாம் பதிஞ்சி வைக்கிறாங்க இல்ல, என் அக்கவுண்ட்டுதானே. காலைல ட்ரெயின்ல ஏறுனா மூர் மார்க்கெட் போய்ச் சேர்ற வரைக்கும் காதுல போட்டுக்கினு போவேன். பாட்டு கேக்குற மாதிரி. உன் குரல் கேக்க எனக்கு வேற வழி இன்னா இருக்குது?"

எல்லா வகுப்பையுமா என்று கேட்க வேண்டும். கேட்காமல் "மிஸ், அம்மா கூப்புடுறாங்க" என்று வைத்துவிட்டேன். அம்மா கூப்பிடவே இல்லை.


செப்டம்பர் 15, திங்கள்

கேட்டிருப்பாளா?


செப்டம்பர் 16, செவ்வாய்

தலைவலி என்று வகுப்புக்குப் போகவில்லை. ட்ரெயினில் இன்று அக்கா எதைக் கேட்டிருப்பாள். பழையதை மறுபடியும் போட்டுக் கேட்டிருப்பாளா.

ஒருவேளை சமீபத்தில்தான் கேட்க ஆரம்பித்திருக்கலாம். ஒருவேளை அந்த இரண்டாம் வகுப்பு அன்று ட்ரெயினில் கூட்டமாக இருந்திருக்கலாம். ஒருவேளை, ஒருவேளை. கேட்டிருந்தால் அவ்வளவு ஆசையாகப் பேசியிருப்பாளா? ஆனால் அக்கா அப்படித்தான். உள்ளங்கையில் சுறாமுள் ஏறியபோதுகூட என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிடுங்கினவள்.


செப்டம்பர் 25, வியாழன்

இரண்டாம் வகுப்பின் பதிவை அழித்துவிட முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். ஏன் என்றார். நான் தயாரித்து வைத்திருந்த பதில், அன்று என் முகம் நன்றாக இல்லை என்பது. அதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது.

அப்புறம் உண்மையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் குறைவு. எனக்கு அக்கா இருக்கிறாள். தலை பின்னியது அவள். நீச்சல் அவள். இந்த வகுப்பும் அவள். அவள் கேட்கக்கூடாது. இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. இன்னும் நிறைய வார்த்தை தெரிந்திருந்தால் சமாதானமும் சொல்லியிருப்பேன். தெரியாததால் உண்மை மட்டும் வந்தது.

டீச்சர் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். வைஷ்ணவி அந்த வாரமே கேட்டுவிட்டாளாம். அவருக்கு எழுதினாளாம்.

என்ன எழுதினாள் என்று கேட்டேன்.

"என் தங்கை மற்ற எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்துங்கள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அவள் வீட்டில் அப்படிச் சொன்னால்தான் சாப்பாடு. அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி சொல்லிப் பழகினால் என்றைக்காவது வாய் தவறிவிடும்." இதுதான் எழுதியிருந்தாளாம்.

அப்படியென்றால் தெரிந்துகொண்டேதான் நீச்சலைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன். ஆமாம், நீயே சொல்வாய் என்று நினைத்தேன், அது என் தப்பாகவும் இருக்கலாம் என்றார்.

அவர் தப்பு என்ன இருக்கிறது. நான் சொன்னதைக் கேட்ட பிறகும் அக்கா தினமும் ட்ரெயினில் என் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஐந்து மாத வயிற்றோடு. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு நைனா சொல்லிக்கொடுத்தார், அம்மா பின்னிவிட்டாள் என்று.

பதிவை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.


அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா ஃபோன் செய்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி வளைகாப்பாம். மாமியார் எல்லம்மா எல்லா ஏற்பாடும் செய்கிறார்களாம். "பொறந்த வூட்டு ஆளுங்கள்லருந்து முத வளையல் போட ஒரு கையி வேணுமேனு அத்த கேட்டுச்சி. யாருமில்ல, நீங்களே போட்டுடுங்கனு சொல்லிட்டேன்" என்று சிரித்தாள். வா என்று கூப்பிடவில்லை. என்னால் வர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

யாரும் இல்லை என்று இப்போது அவள் சொல்கிறாள். எனக்காகச் சொல்கிறாள்.

எங்களுக்கு அடுத்த பாடு நவம்பர் இருபதாம் தேதி தொடங்குகிறது. மழைக்குப் பிறகு வரும் முதல் முறை. அதுதான் வருஷத்துக்கே பெரிய முறை.


நவம்பர் 9, ஞாயிறு

போய்விட்டு வந்துவிட்டேன்.

ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட உடையிலேயே கிளம்பினேன். பக்கத்து ஊர் தோணிரேவு தாண்டும் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் தலையை நிமிர்த்தவில்லை. பொன்னேரியிலிருந்து ட்ரெயின், அடுத்த ஸ்டேஷன்தான். அக்கா வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். கோபம் என்று நினைத்துவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

எல்லம்மா அத்தையின் உள்ளங்கை முழுக்கக் கீறல். சேற்றில் தடவித் தடவி அப்படி ஆகிவிடுமாம். அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அக்கா பக்கத்தில் நிறுத்தி, "வந்துட்டா பாரு உன் பொறந்த வூட்டு ஆளு. போடு கண்ணு, நீதான் மொதல்ல" என்றார். முதல் வளையலை நான் போட்டேன். பச்சைக் கண்ணாடி. அக்காவின் கை வீங்கியிருந்தது, சோப்பு போட்டுத்தான் ஏறியது.

வந்தவர்கள் எல்லோருக்கும் வளையல் போட்டுவிட்டார்கள். என் கையிலும் அக்கா அடுக்கடுக்காக ஏற்றினாள். ரொம்பச் சின்ன அளவு. வேண்டாம்கா, கழற்ற வராது என்றேன். "ஏன் கழட்டணும்?" என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு எங்கள் ஊர் மறந்துபோயிருந்தது. எனக்கும்தான்.

ட்ரெயினில் ஏறியதும் ஞாபகம் வந்தது. எங்கள் குப்பத்தில் யாருக்கு எத்தனை மாதம் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த மாதம் எந்த வீட்டிலும் வளைகாப்பு இல்லை. கை நிறையப் புது வளையலோடு போனால் கேட்காமலேயே தெரிந்துவிடும். பொன்னேரி ஸ்டேஷன் குழாயடியில் தண்ணீர் விட்டுக் கழற்றிப் பார்த்தேன். எலும்பு தாண்டவில்லை. கல்லில் தட்டினால் ஒரு நிமிஷ வேலை. ஒரு கல்லை எடுத்தும் விட்டேன். வளைகாப்பு வளையலை உடைத்தால் அது பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு முறை அவளை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். மறுபடியும் என் கையாலேயே அதைச் செய்ய முடியவில்லை.

கல்லைப் போட்டுவிட்டேன். கைக்குட்டையை மேலே சுற்றிக்கொண்டேன்.

கரையில் இறங்கும்போது எங்கள் குப்பத்து இருசம்மாள் அத்தை கருவாட்டுக் கூடையை இறக்கிவிடச் சொன்னார். ஒரு பக்கத்தைப் பிடித்தேன். கைக்குட்டை நழுவியது. அவர் கூடையைப் பார்க்கவில்லை.


நவம்பர் 10, திங்கள்

"யாருக்குடி வளைகாப்பு?" என்று அம்மா கேட்டாள். ஊரே கேட்ட பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

சொன்னேன்.

கன்னத்தில் அறைந்தாள். பிறகு என் கையை இழுத்து அம்மிமேல் வைத்து, குழவியைத் தூக்கினாள். "பத்து நாள்தான்டி இருக்குது நம்ம பாடு வர. உங்க நைனா புது வல வாங்கி வச்சிருக்காருடி. உனக்குக் கண்ணு தெரியல?" குழவி அப்படியே நின்றது. இறக்கி ஓரமாக வைத்துவிட்டாள். எழுந்து போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலேயே, "வயிறு எறங்கியிருக்குதா, மேல இருக்குதா?" என்று கேட்டாள்.

எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியவில்லை என்றேன்.

"போனியே, அதயாவது பாத்துக்கினு வந்தியா" என்றாள்.


நவம்பர் 12, புதன்

ஊர் கூடியது. சாயங்காலம், கோயில் எதிரில். வீட்டு ஆண் மட்டும்தான் பேச வேண்டும். நாங்கள் பெண்கள் பக்கம் நின்றோம். யாரும் எங்களைத் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை.

தலைவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சின்னப் பொண்ணு, தெரியாம போயிட்டா. அத நாங்க பெருசு பண்ணல. போன தையில சொன்னியே, அந்த ஒரு வார்த்தய இன்னொரு தரம் சொல்லிடு தாமோதரா. சொல்லிட்டு வூட்டுக்குப் போய்ச் சோறு துன்னு. யாரும் உன்ன ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

நைனா எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுங்கள் நைனா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அக்கா வீட்டிலிருந்து வளையலோடு வந்த நானே அதைத்தான் கெஞ்சினேன்.

நைனா ஒன்றும் சொல்லவில்லை.

தலைவர் மறுபடி கேட்டார். ஒருவர், "வாயில முள்ளு மாட்டிக்கிச்சா இன்னா?" என்றார். சிலர் சிரித்தார்கள். மூன்றாம் முறை கேட்டபோது நைனா தலையை மட்டும் அசைத்தார். மாட்டேன் என்றா, முடியவில்லை என்றா, தெரியவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த தை வரைக்கும் எங்களுக்குப் பாடு கிடையாது. இருபதாம் தேதி முறை அடுத்த வீட்டுக்கு. அடுத்த வீடு சுரேஷ் அண்ணன்.

நான் மூன்று வார்த்தையில் வகுப்பில் சொன்னதை நைனாவால் சோற்றுக்காகக்கூட இரண்டாம் முறை சொல்ல முடியவில்லை.


நவம்பர் 13, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை.


நவம்பர் 20, வியாழன்

எங்கள் முறை. எங்கள் முறையாக இருந்திருக்க வேண்டியது.

எங்கள் இடத்தில் சுரேஷ் அண்ணன் கழி நட்டு வலை கட்டினார். கரையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. மழைத் தண்ணீர் கலங்கி இறங்குகிறது, இறால் கொட்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சுரேஷ் அண்ணன் திரும்பி வரும்போது எங்கள் வாசல் வழியாக வராமல் சுற்றிக்கொண்டு போனார். அவரைக் கோபிக்க முடியாது. முறை முறைதான்.

நைனா வீட்டுக்குள் உட்கார்ந்து, கிழிசலே இல்லாத புது வலையைக் கண் கண்ணாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வேறு கரையில் மீன் எடுத்து விற்கப் போயிருக்கிறாள். அதில் என்ன மிஞ்சும்.

நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டியூஷன் இங்கிலீஷ் இல்லை, ஸ்பானிஷ். சேர்த்தது அக்கா. டீச்சர் கேட்டபோது நான் ஒரே பெண் என்று சொன்னேன். அது பதிவாகி அக்கா காதில் விழுந்துவிட்டது. நான் சொன்னதால்தான் மனசு கேட்காமல் போனேன். போனதால்தான் பாடு போனது.

நைனா வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"யாரு கேட்டான்னு சொன்ன?"

"டீச்சர் நைனா. மெக்சிகோல இருக்கிறவங்க."

"அந்தம்மாவுக்கு நம்ம ஊர்ல பாடு இருக்குதா?"

"இல்ல நைனா."

அவர் வலையின் அடுத்த கண்ணை இழுத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னத பாத்துத்தான நீ சொன்ன" என்றார். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

பிறகு, "அது எங்க பதியுது, ஃபோனுக்குள்ளயா?" என்று கேட்டார். அக்காவின் கணக்கில் என்றேன். காலையில் ட்ரெயினில் கேட்டுக்கொண்டே போவாள் என்றேன். வலையை மடித்து மூலையில் வைத்துவிட்டு வெளியே போனார்.


நவம்பர் 25, செவ்வாய்

மழை விடாமல் பெய்ததால் மாடிப்படியில் உட்கார முடியவில்லை. வீட்டிலேயே, ஜன்னலில் ஃபோனைச் சாய்த்து வைத்தேன். சிக்னல் வந்து வந்து போனது. அம்மா பொன்னேரிக்குப் போய்விட்டாள். நைனாவுக்குப் போவதற்கு இடமில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் அவரைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். வணக்கம் சொல்லச் சொன்னார். நைனா எழுந்து, கூட்டத்தில் நிற்கிற மாதிரியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தார். டீச்சர் ஏதோ கேட்டார்.

"இன்னா கேக்குறாங்க?"

"எறா எப்படி விழுதுனு கேக்குறாங்க நைனா."

"நல்லா விழுதுனு சொல்லு. நமக்கில்லனு சொல்ல வேணாம்."

சொன்னேன். டீச்சர் அடுத்ததைத் தொடங்கினார். நைனா நகரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"வைஷு" என்றார்.

ஒன்றரை வருஷமாக அந்தப் பெயர் இந்த வீட்டில் சத்தமாக வந்ததில்லை.

"ட்ரெயின்ல நின்னுக்கினு போவாத. யாரயாவது கேட்டு உக்காரு, வெக்கப்படாத. மழையில பிளாட்பாரம் வழுக்கும். நண்டு சூடு, இப்ப வேணாம். எறா துன்னு. உங்க மாமியாரு கையால தடவி எடுக்குறது வலையில வர்ற மாதிரி நசுங்கியிருக்காது, அது நல்லா இருக்கும்."

"நைனா, டீச்சருக்குத் தமிழ் தெரியாது" என்றேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு எதைச் சொல்வது என்றும் தெரியவில்லை.

"தெரியாதுனு தெரியும்" என்றார். "இது பதியுது இல்ல?"

பதிகிறது என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபோனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் கோப்பையை எடுத்து மெதுவாகக் குடித்துக்கொண்டு, எங்கேயோ பக்கத்தில் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நான்தான் பாடத்தை மறுபடி தொடங்கினேன்.

அக்கா காலை ட்ரெயினிலேயே கேட்டிருப்பாள். அல்லது மழையில் ட்ரெயின் நின்று ஆபீசுக்கே போகாமல் இருந்திருக்கலாம். சாயங்காலம் வரைக்கும் அவள் ஃபோன் செய்யவில்லை. இப்போது எல்லோரும் படுத்தாகிவிட்டது. அம்மாவுக்குக் காலையில் நடந்தது இன்னும் தெரியாது. நைனா மட்டும் தூங்கவில்லை. ஃபோனைத் தானே சார்ஜில் போட்டு, சத்தம் வருகிற மாதிரி வைத்திருக்கிறேனா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே பாயை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.